கொட்டை எழுத்தும் அடிக்கட்டையும்: சேலம், நாமக்கல் சமவெளியின் லாரி எழுத்துகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

உரோமன் எழுத்தில் கோடுகளின் நுனிகளில் தடித்த குறுக்குக் கட்டைகளைக் கொண்ட எழுத்துருக்கள் 19ஆம் நூற்றாண்டில் விளம்பர அச்சுக்காகத் தோன்றின. அவ்வடிவத்தைத் தமிழுக்குக் கொணரும்போது எழும் சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது. உரோமன் எழுத்தில் நுனிக்கட்டை அழகும் அழுத்தமும் தருவது. எழுத்தை வேறெழுத்தாக மாற்றுவதில்லை. தமிழிலோ எழுத்தின் அடிப்பகுதி பொருள் வேறுபாட்டைச் சுமக்கும் இடமாகும். எனவே அடிக்கட்டை தமிழ் வரிவடிவத்தின் வேறுபாட்டுக் கூறுகளோடு மோதுகிறது. கட்டையின் பணியைச் சேலம், நாமக்கல் வட்டார லாரி எழுத்துகள் தடிப்பாலும் நிழலாலும் நிறைவேற்றும் முறையைக் காட்டி, தமிழ்த் தடித்த எழுத்துருக்களைச் சோதிப்பதற்கு அவ்வட்டார ஊர்ப்பெயர்களைக் கொண்ட சொற்பட்டியல் ஒன்றையும் கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: கொட்டை எழுத்து, நுனிக்கட்டை, எழுத்துரு, வரிவடிவம், கால், லாரி எழுத்து, எழுத்துச் சீர்திருத்தம்.

முன்னுரை

பெரிதாகவும் தடித்தும் எழுதப்படும் எழுத்தைத் தமிழர் ‘கொட்டை எழுத்து’ என்பர். நாளிதழின் தலைப்பு, சுவர் விளம்பரம், கடைப் பெயர்ப்பலகை, லாரியின் நெற்றி ஆகிய அனைத்தும் கொட்டை எழுத்தின் களங்களாம். ஆயினும் தமிழ் எழுத்தியல் ஆய்வுகள் பெரிதும் கல்வெட்டு, ஓலைச்சுவடி, அச்சு நூல் ஆகியவற்றையே சார்ந்து அமைந்துள்ளன. நெடுந்தொலைவிலிருந்து படிக்கப்படும் எழுத்து அவற்றில் போதிய கவனம் பெறவில்லை.

இத்தகைய எழுத்தை ஆராயச் சேலம், நாமக்கல் சமவெளி தக்க களமாகும். 1997இல் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டம் லாரிகளுக்குப் பாடி கட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்றது. திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும், சங்ககிரி லாரித் தொழிலுக்கும் அறியப்பட்டவை. டி.என். 28, டி.என். 34, டி.என். 52 எனத் தொடங்கும் பதிவெண்களோடு இவ்வூர்களின் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் செல்கின்றன. தமிழ் எழுத்து தமிழகத்திற்கு அப்பால் காணப்படும் வழிகளுள் இவ்வண்டிகளும் ஒன்று.

இக்கட்டுரையில் கோட்டின் நுனியில் அமையும் சிறு குறுக்குக்கோடு ‘செரீஃப்’ எனவும், அது முதன்மைக் கோட்டிற்கு இணையான தடிப்போடு சதுரமாக அமையும்போது ‘நுனிக்கட்டை’ எனவும் குறிக்கப்படுகிறது. நுனிக்கட்டை கோட்டின் மேல்நுனியில் வரின் ‘தலைக்கட்டை’. கீழ்நுனியில் வரின் ‘அடிக்கட்டை’.

நுனிக்கட்டை எழுத்தின் தோற்றமும் இயல்பும்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐரோப்பிய அச்செழுத்துகள் பெரிதும் நூலைக் கையில் வைத்துப் படிப்பவருக்காக வார்க்கப்பட்டவை. தொழிற்புரட்சியோடு சுவரொட்டியும் விளம்பரத் தாளும் பெருகியபோது, தெருவில் நடந்து செல்வோரின் கண்ணை ஈர்க்கும் எழுத்து தேவைப்பட்டது. இலண்டனைச் சேர்ந்த எழுத்து வார்ப்பாளர் வின்சென்ட் ஃபிகின்ஸ் 1810களில் வெளியிட்ட மாதிரி நூலில் ‘ஆன்டிக்’ என்னும் பெயரில் நுனிக்கட்டை எழுத்து இடம்பெற்றது. பின்னர் இவ்வகைக்கு ‘எகிப்தியன்’ என்னும் பெயரும் வழங்கலாயிற்று. 1798இல் தொடங்கிய நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்பிற்குப் பின் ஐரோப்பாவில் பரவிய எகிப்திய மோகமே இப்பெயருக்குப் பின்புலம். எகிப்தின் பழைய எழுத்துமுறைக்கும் இவ்வடிவத்திற்கும் உறவில்லை.

1845இல் ராபர்ட் பெஸ்லி வெளியிட்ட ‘கிளாரண்டன்’ இவ்வகையின் மற்றொரு திருப்பம். இதில் கட்டை முதன்மைக் கோட்டோடு மெல்லிய வளைவால் இணைகிறது. சுவரொட்டிக்கு மட்டுமன்றி, அகராதி போன்ற நூல்களில் தலைச்சொல்லை ஏனைய சொற்களினின்று பிரித்துக் காட்டவும் இது பயன்பட்டது. ஒரே வரியில் இயல்பெழுத்தும் தடித்த எழுத்தும் அருகருகே நிற்கும் வழக்கம் வலுப்பெற இது துணைசெய்தது. 20ஆம் நூற்றாண்டில் மெம்ஃபிஸ், ராக்வெல் முதலிய எழுத்துருக்கள் இவ்வகையை வடிவகணித ஒழுங்கோடு மீட்டெடுத்தன.

இவ்வகையின் இயல்புகள் மூன்று. முதலாவது, கோடுகளின் தடிப்பில் வேறுபாடு குறைவு. இரண்டாவது, நுனிகள் சதுரமாக முடிகின்றன. மூன்றாவது, அடிக்கட்டைகள் ஒன்றையடுத்து ஒன்றாக நின்று சொல்லின் கீழ் உறுதியான கிடைக்கோட்டை உருவாக்குகின்றன. உரோமன் எழுத்துகளுள் பல செங்கோடுகளால் ஆனவை. தரையில் ஊன்ற அவற்றுக்கு அகலம் இல்லை. அக்குறையை அடிக்கட்டை நிரப்புகிறது. ஒற்றைச் செங்கோட்டின் அடியில் கட்டை வந்தாலும் வராவிட்டாலும் அது அதே எழுத்தே. மொழியியல் நோக்கில், உரோமன் எழுத்தில் நுனிக்கட்டை பொருள் வேறுபடுத்தாக் கூறு.

தமிழ் எழுத்தின் அடிப்பகுதி

தமிழில் நிலைமை இரு வகையில் வேறுபடுகிறது. முதலாவதாக, தமிழ் எழுத்துகள் பலவற்றிற்கு அடிக்கோடு இயல்பாகவே உண்டு. ட, ப, ம, ய, ல, வ ஆகியன கிடைக்கோட்டின்மீது அமர்ந்திருப்பவை. டகரத்தின் அடையாளமே செங்கோட்டின் அடியில் வலப்பக்கம் நீளும் கிடைக்கோடுதான். உரோமன் எழுத்து கட்டையால் பெறும் ஊன்றலைத் தமிழ் தன் எலும்புக்கூட்டிலேயே பெற்றுள்ளது.

இரண்டாவதாக, அடிப்பகுதியில் கோடு இல்லாமையும் தமிழில் பொருளுடையது. இதற்குத் தலைசிறந்த சான்று ரகரமும் ஆகாரக் காலும். இரண்டின் உடலும் ஒன்றே; ரகரத்தின் அடியில் சாய்ந்திறங்கும் சிறு கோடே அதனைக் காலினின்று பிரிக்கிறது. ஓலைச்சுவடிகளில் இவ்வேறுபாடு இல்லை. ஆகவே சுவடியில் ‘பரவை’, ‘பாவை’ என்னும் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ‘நரகம்’, ‘நாகம்’ என்பனவும் ‘கரடி’, ‘காடி’ என்பனவும் அவ்வாறே. கடலா பெண்ணா என்பதை இடம்நோக்கியே துணிய வேண்டும். புள்ளியிடாமையும் இதனோடு சேரும்போது குழப்பம் பெருகும். சி.வை. தாமோதரம் பிள்ளை, உ.வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்கள் எதிர்கொண்ட பாட வேறுபாடுகளுள் இவ்வகை மயக்கத்தால் விளைந்தவை உண்டு.

அச்சு மரபு இவ்வேறுபாட்டைக் கையாண்ட முறையும் நோக்கத்தக்கது. ர், ரி, ரீ என்னும் வடிவங்களைச் சாய்கோடின்றிக் காலின் வடிவிலேயே அச்சிடும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. காலின்மீது புள்ளியோ இகரக் குறியோ வாராது. ஆதலின் அவ்விடங்களில் மயக்கத்திற்கு வாய்ப்பில்லை. மயக்கம் உள்ள இடத்தில் சாய்கோடு இன்றியமையாதது. மயக்கமற்ற இடத்தில் அதனை விடலாம் என்பதே இவ்வழக்கம் உணர்த்தும் நெறி. ரகரத்தின் சாய்கோடு அழகுக் கூறன்று, பொருள் வேறுபடுத்தும் கூறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடுகளும் இவ்வாறே அடிப்பகுதியில் அமைந்தவை. தொல்காப்பிய நூன்மரபு எகர ஒகரங்களுக்குப் புள்ளி கூறுகிறது. அங்கே வேறுபாடு புள்ளியால் காட்டப்பட்டது. பிற்காலத்தில் வீரமாமுனிவரோடு தொடர்புபடுத்தப்படும் சீர்திருத்தத்தின்வழி, ஏகாரத்தின் அடியில் சாய்கோடும் ஓகாரத்தின் அடியில் சுழியும் நிலைபெற்றன. குறில் நெடில் வேறுபாட்டுச் சுமை புள்ளியினின்று நீங்கி இவ்விரு எழுத்துகளின் அடிக்கு வந்து சேர்ந்தது.

1978ஆம் ஆண்டின் தமிழக அரசு ஆணை இச்சுமையை மேலும் கூட்டியது. பெரியார் 1935 முதல் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட சீர்திருத்தங்களை ஏற்ற அவ்வாணையால் 13 எழுத்துகள் வடிவம் மாறின. அவற்றுள் ணா, றா, னா, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆகிய 9 எழுத்துகள் காலோடு தொடர்புடையவை. முன்பு உடலோடு பிணைந்து தனி வடிவம் பெற்றிருந்த இவை, இப்போது தனித்து நிற்கும் காலைப் பெற்றன. கற்பதும் தட்டச்சு செய்வதும் எளிதாயின. அதே வேளை, ரகரத்தோடு மயங்கக்கூடிய காலின் வருகை ஒவ்வொரு பக்கத்திலும் மிகுந்தது.

இப்பின்னணியில் அடிக்கட்டையின் விளைவை நோக்கலாம். காலின் நுனிகளில் கட்டை சேர்த்தால், ‘அடியில் எதுவும் இல்லை’ என்னும் அதன் அடையாளம் அழிகிறது. ரகரத்தின் நுனியில் கட்டை சேர்த்தால், சாய்கோடு கட்டையின் தடிப்புக்குள் மறைகிறது. இருபுறமிருந்தும் இரண்டும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. எகரத்தின் அடியில் வரும் கட்டை ஏகாரத்தின் சாய்கோட்டை ஒக்கும். பக்கத்தில் 10 புள்ளி அளவில் அச்சாகும்போதும் நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும்போதும் இம்மயக்கம் மிகும். சுவடியிலிருந்து அச்சுக்கு வந்தபோது தமிழ் அரிதின் ஈட்டிய தெளிவை, அழகின் பெயரால் திருப்பித் தருவதாக அது முடியும்.

தலைக்கட்டை இவ்வளவு தீங்கு செய்வதில்லை. பகரத்தின் இரு மேல்நுனிகளிலும் வெளிப்பக்கமாகச் சிறு கட்டை வரின், அது வேறெழுத்தாக மாறாது. டகரத்தின் தலையிலும் அவ்வாறே. எனினும் கட்டை உட்புறம் நீண்டால் பகரத்தின் வாய் குறுகும். மேலே உயர்ந்தால் புள்ளியோடும் இகர ஈகாரக் கொக்கிகளோடும் மோதும். எனவே தமிழில் தலைநுனி கட்டுப்பாட்டோடு கூடிய உரிமையுடையது. அடிநுனி உரிமையற்றது எனலாம்.

லாரி எழுத்தில் கட்டையின் மாற்று

சேலம், நாமக்கல், கரூர் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44இல் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. எதிரெதிரே வரும் இரு வண்டிகள் நொடிக்கு ஏறத்தாழ 33 மீட்டர் நெருங்குகின்றன. லாரியின் நெற்றியில் உள்ள பெயரைப் படிக்க எதிரே வருபவருக்குக் கிடைப்பது சில நொடிகளே. ஃபிகின்ஸ் காலத்து இலண்டன் தெருவில் எழுந்த அதே தேவை இங்கே இன்னும் கடுமையாக எழுகிறது.

பாடிப் பட்டறையில் பணியாற்றும் பெயின்டர் இத்தேவையைப் பொதுவாக மூன்று உத்திகளால் எதிர்கொள்கிறார். ஒன்று, தட்டைத் தூரிகையால் இழுக்கப்படும் ஒரே சீரான தடிப்பும் சதுரமாக வெட்டிய நுனியும். இவை நுனிக்கட்டை எழுத்தின் முதலிரு இயல்புகளோடு ஒத்தவை. இரண்டு, எழுத்தைச் சுற்றி மாற்று நிறத்தில் இடப்படும் ஓரக்கோடு. மூன்று, எழுத்தின் ஒரு பக்கத்திலும் அடியிலும் தீட்டப்படும் நிழல். எழுத்து கல்லில் செதுக்கியதுபோலவும் பலகையிலிருந்து எழுந்து நிற்பதுபோலவும் தோன்றுவது இந்நிழலால்.

இம்மூன்றனுள் நிழலே அடிக்கட்டையின் உண்மையான மாற்றாகும். சொல்லின் கீழ் கனமான ஊன்றலை அது தருகிறது. தொலைவிலிருந்து நோக்குவோருக்குச் சொல் ஒரே கட்டாகத் தெரியச் செய்கிறது. ஆயின் அது வேறு நிறத்தில் அமைவதால் எழுத்தின் எலும்புக்கூட்டைத் தீண்டுவதில்லை. மஞ்சள் எழுத்துக்குச் சிவப்பு நிழல் இடும்போது, காலின் அடி மஞ்சள் நிறத்தில் வெறுமையாகவே நிற்கிறது; ரகரத்தின் சாய்கோடு மஞ்சள் நிறத்தில் இறங்குகிறது. கனத்தைக் கூட்டும் கூறும் பொருளை வேறுபடுத்தும் கூறும் இரு நிறங்களாகப் பிரிந்து நிற்கின்றன. வரிவடிவ இலக்கணத்தைக் கோட்பாடாகக் கல்லாத கைத்தொழில் மரபு, எழுத்தின் இயல்போடு பொருந்தும் தீர்வைக் கையில் வைத்திருக்கிறது.

வண்டியின் பதிவெண் பலகை இங்கு ஓர் ஒப்பீட்டுக்கு உதவும். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் லாரி போன்ற வண்டிகளின் பதிவெண் எழுத்துக்கு 65 மில்லிமீட்டர் உயரம், 10 மில்லிமீட்டர் தடிப்பு, 10 மில்லிமீட்டர் இடைவெளி என அளவு வகுக்கின்றன. தடிப்புக்கும் இடைவெளிக்கும் ஒரே அளவு தரப்பட்டுள்ளமை கருதத்தக்கது. கோடு எவ்வளவு முதன்மையோ அவ்வளவு முதன்மை கோடற்ற இடத்திற்கும் உண்டு. இவ்விதி ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் உரியது. இதே அளவுகளைத் தமிழுக்கு அப்படியே பொருத்த இயலாது. பகரத்தில் இரண்டு செங்கோடுகளும் அவற்றிடையே ஒரு வெளியும் உள்ளன. சுழிகள் நிறைந்த ணகரத்தைக் குறுக்கே அளந்தால் அதனினும் இருமடங்குக்கு மேற்பட்ட கோடுகள் வரும். ஒரே தடிப்பை இரண்டுக்கும் அளித்தால் ணகரம் மிக அகலமாகும், அல்லது அதன் சுழிகள் அடைபடும். கைப்பட எழுதும் பெயின்டர் சுழியுள்ள எழுத்தில் தூரிகையை மெலித்தோ எழுத்தை அகட்டியோ இதனைச் சரிசெய்ய முடியும்.

ஸ்டிக்கரும் போலித் தடிப்பும்

இன்று கைப்பட எழுதும் பணியின் பெரும்பகுதியைக் கணினியில் வெட்டப்படும் ஸ்டிக்கர் எழுத்து ஏற்றுள்ளது. ‘ரேடியம்’ என வழங்கும் ஒளிதிருப்பும் தாள் இரவில் தெளிவு தரும். செலவும் நேரமும் குறையும். ஆயின் ஒற்றை நிறத் தாளில் வெட்டும்போது நிழல் என்னும் தனி அடுக்கு மறைகிறது. கனம் முழுவதையும் எழுத்தின் உடலே சுமக்க நேர்கிறது. தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவைக் கணினி எல்லாப் பக்கமும் சமமாக உப்பச் செய்து தரும் போலித் தடிப்பு இங்கே பெரும் இடராகும். அதில் முதலில் அழிவன சிறு வெளிகளே. கீகாரத்தின் சுழி அடைபட்டால் அது ‘கி’ போலாகும். இரட்டைச் சுழிக்கொம்பின் உள்வெளி மறைந்தால் ‘சே’, ‘செ’ ஆகும். புள்ளி உடலோடு ஒட்டினால் மெய், உயிர்மெய் போலத் தோன்றும்.

அண்மைக் காலத் தமிழ் எழுத்துருக்கள் சில இதற்கு விடை தேடியுள்ளன. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த ‘கேட்டமரான்’ 9 தடிப்புநிலைகளைக் கொண்டது. ஒவ்வொரு நிலையிலும் சுழியும் வெளியும் தனியே சீர்செய்யப்பட வேண்டும் என்னும் நெறியை அது பின்பற்றுகிறது. ஏக் டைப் நிறுவனத்தின் ‘பலூ தம்பி’ நுனிகளை உருட்டிக் கனத்தைக் காட்டுகிறது. கூகுள் வெளியிட்ட நோட்டோ எழுத்துருக் குடும்பத்தில் தமிழுக்கு ‘சான்ஸ்’, ‘செரீஃப்’ என இரு வகைகள் உள்ளன. இவற்றுள் ‘செரீஃப்’ என்பது தமிழில் கோட்டின் தடிப்பு மெலிவு மாற்றத்தையே முதன்மையாகக் குறிக்கிறது; நுனிக்கோடுகளை அன்று. உரோமன் வகைப்பாட்டுச் சொல் தமிழில் பொருள் மாறியே வழங்குகிறது என்பதற்கு இது சான்று. எனவே ‘தமிழில் நுனிக்கட்டை எழுத்துரு வேண்டும்’ என்னும் கோரிக்கை எழுமாயின், வேண்டப்படுவது அதன் வடிவமா, அது செய்யும் பணியா என முதலில் வினவ வேண்டும்.

சோதனைச் சொற்பட்டியல்

தடித்த தமிழ் எழுத்துருவை மதிப்பிட அகரவரிசையை மட்டும் நோக்குதல் போதாது. தனியே நிற்கும்போது தெளிவாயுள்ள எழுத்து சொல்லில் மயங்கலாம். சேலம், நாமக்கல் வட்டார ஊர்ப்பெயர்கள் இச்சோதனைக்கு இயல்பாகவே பொருந்துகின்றன.

1. பரமத்தி: ரகரச் சாய்கோடு மறைந்தால் ‘பாமத்தி’ ஆகும்.
2. தாரமங்கலம்: காலும் ரகரமும் அடுத்தடுத்து நிற்கின்றன, இரண்டையும் ஒரே பார்வையில் ஒப்பிடலாம்.
3. ராசிபுரம்: ரகரத்தையடுத்துக் கால் வருகிறது; வரிசை தலைகீழ்.
4. ஏற்காடு, எருமப்பட்டி: ஏகார எகர அடிநுனிகளை ஒப்பிட உதவும் இணை.
5. ஓமலூர்: ஓகாரத்தின் அடிச்சுழி அடைபடாமல் நிற்க வேண்டும்.
6. சேந்தமங்கலம், திருச்செங்கோடு: இரட்டைச் சுழிக்கொம்பு, ஒற்றைக்கொம்பு வேறுபாட்டைக் காட்டும்.
7. கொங்கணாபுரம்: ணகரத்தின் சுழிகளும் 1978க்குப் பிந்தைய தனிக்காலும் ஒருங்கே அமைந்தது.
8. சங்ககிரி: இகரக் குறியோடு வரும் ரகரம், சாய்கோடின்றியும் மயங்காத இடம்.

இச்சொற்களைத் தடித்த வடிவில் அச்சிட்டு, படிப்படியாகத் தொலைவைக் கூட்டியோ அளவைக் குறைத்தோ நோக்கினால், எந்த வேறுபாடு முதலில் அழிகிறது என்பது புலப்படும். முதலில் அழியும் இடமே வடிவமைப்பாளர் திருத்த வேண்டிய இடம்.

முடிவுரை

உரோமன் எழுத்தில் நுனிக்கட்டை பொருள் வேறுபடுத்தாக் கூறு. ஆதலின் அதனைத் தடையின்றிச் சேர்க்கவும் நீக்கவும் இயல்கிறது. தமிழில் ர, கால் வேறுபாடும், எ, ஏ வேறுபாடும், ஒ, ஓ வேறுபாடும் எழுத்தின் அடியிலேயே அமைந்துள்ளன. ஆகவே தமிழில் அடிக்கட்டை வெறும் அணியன்று. எழுத்தின் அடையாளத்தில் தலையிடுவது. தலைக்கட்டை, வெளிப்பக்கமாகவும் உயராமலும் அமையுமாயின் ஏற்கத்தக்கது.

கட்டை தரும் கனத்தையும் ஊன்றலையும் தமிழ்க் கொட்டை எழுத்து வேறு வழிகளில் பெறுகிறது. இயல்பான அடிக்கோடு, சீரான தடிப்பு, சதுர நுனி, வேற்று நிற நிழல் ஆகியன அவ்வழிகள். சேலம், நாமக்கல் லாரி எழுத்துகள் இவற்றை ஒருங்கே காட்டுகின்றன. ஸ்டிக்கர் பெருகிவரும் இந்நாளில் கைப்பட எழுதிய அவ்வெழுத்துகள் வண்டியோடு வண்டியாக உடைக்கப்பட்டும் மேல்பூச்சில் மறைந்தும் அருகிவருகின்றன. கல்வெட்டைப் படியெடுப்பதுபோல் அவற்றையும் அளவு, நிறம், காலம் ஆகிய குறிப்புகளோடு பதிவு செய்தல் தமிழ் எழுத்தியல் ஆய்வின் உடனடித் தேவையாகும். நாளைய தடித்த தமிழ் எழுத்துருவுக்கான இலக்கணத்தின் ஒரு பகுதி அப்பலகைகளில் எழுதப்பட்டுள்ளது.